சென்னை வெயிலில், போர் தண்ணீரில் பெரணி வளர்ப்பது: எந்த வகை, எந்த இடத்தில்?

நீங்கள் எழுதியிருப்பது இது: தாம்பரம் பக்கம் புது வீடு. வீட்டுக்கு வடக்கே, காம்பவுண்ட் சுவர் வரை 4 அடி அகலம், 22 அடி நீளத்தில் ஒரு சந்து. பின்னால் பழைய மாமரம், முன்னால் போர்டிகோ. போர் தண்ணீரின் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1400. ஏற்காட்டிலிருந்து இரண்டு முறை வாங்கி வந்த பெரணிகள் ஏப்ரலைத் தாண்டவில்லை. "எந்த வகை ஃபெர்ன் வாங்கினால் சாகாது?" என்பது உங்கள் கேள்வி. வகையைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வகை மாற்றினால் மட்டும் இது தீராது. அந்தச் சந்தில் எப்போது வெயில் விழுகிறது, அந்தத் தண்ணீரை எது தாங்கும் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால், வாங்கக்கூடிய வகைகள் தாமாகவே ஆறேழாகக் குறைந்துவிடும்.

வெயிலிலிருந்து தொடங்குகிறேன். வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்தான் என்று நம்பித்தான் பலரும் அங்கே பெரணி வைக்கிறார்கள். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஏப்ரல் 24 முதல் ஆகஸ்ட் 18 வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். வீட்டின் நிழல் அந்த மாதங்களில் தெற்கே விழும், வடக்குச் சந்து திறந்து கிடக்கும். அதாவது மற்ற மாதங்களில் நிழலாக இருக்கும் இடம், கத்திரி வெயிலையும் சேர்த்து அந்த மாதங்களில் மட்டும் வெயிலுக்கு வருகிறது. டிசம்பரில் பார்த்து, "நல்ல நிழல்" என்று நட்டது மே மாதத்தில் கருகுவதற்கு இது ஒன்றே போதும். உங்கள் காம்பவுண்ட் சுவர் 5 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், ஜூன் நடுப்பகலில் அதன் தெற்கு அடிவாரத்தில் சுமார் ஓர் அடி அகலத்துக்கு நிழல் கிடைக்கும். ஆகவே பாத்தியை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாமல் காம்பவுண்ட் சுவரை ஒட்டிப் போடுங்கள். காலையிலும் மாலையிலும் வெயில் சந்தின் நீளவாக்கில் நுழையும். காலை வெயில் பெரிய தொல்லை இல்லை. மேற்கு வாயிலில் 75 சதவீத ஷேட் நெட்டை (வெயிலில் அந்த அளவைத் தடுக்கும் நிழல் வலை) திரை போலத் தொங்கவிடுங்கள். சந்தின் மேலே 50 சதவீத நெட்டை ஏப்ரல் நடுவில் கட்டி ஆகஸ்ட் இறுதியில் கழற்றலாம். ஆண்டு முழுக்க விட்டால் மழைக்காலத்தில் ஈரம் காயாமல் இலை அழுகும்.

அடுத்தது தண்ணீர். 1400 டிடிஎஸ் என்பது பெரணிக்குக் கடினமான தண்ணீர். இந்திய குடிநீர்த் தரம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. பெரணிக்கும் அந்த எல்லைக்குள் இருந்தால் கவலை இல்லாமல் ஊற்றலாம். 700, 800 வரை முரட்டு வகைகள் தாங்கும். அதற்கு மேல் போனால் முதலில் இலை நுனி பழுப்பாகும், பிறகு ஓரம் முழுக்கக் கருகும். செடியைக் கொல்வது ஒருநாள் ஊற்றிய தண்ணீர் அல்ல. நாள்தோறும் ஊற்றி, தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் மண்ணில் தங்கிச் சேர்வதுதான் கொல்கிறது. மொட்டை மாடி மழைநீரைச் சேமிக்க ஒரு 500 லிட்டர் டேங்க் வைக்க முடிந்தால் அதுவே சிறந்த வழி. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, சென்னை ஈரக்காற்றில் ஓர் இரவுக்கு ஒரு வாளி தாராளமாகச் சேரும். அதைப் போர் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் டிடிஎஸ் 700க்கு இறங்கிவிடும். இரண்டு தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள். ஒன்று ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீர். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். இன்னொன்று சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை விடுகிறது. டிடிஎஸ் குறைவதில்லை, செடிக்கு முன்பைவிட மோசம். சோப்பு நன்றாக நுரைக்கிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றும் வீடுகள் நிறைய.

ஏற்காட்டுச் செடிகள் செத்ததற்கு மூன்றாவது காரணம் காற்றாக இருக்கலாம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அந்தக் குளிர்ச்சியிலும் ஈரத்திலும் விரிந்த இலை மெல்லிசாக இருக்கும். அதைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தால், கடற்காற்று உள்ளே வருவதற்கு முன் மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்றில் இழக்கும் ஈரத்தை வேரால் ஈடுகட்ட முடியாது. அதே வகையைச் சமவெளி நர்சரியில், அங்கே ஒரு கோடையைக் கடந்த தொட்டியாகப் பார்த்து வாங்கினால் முடிவு வேறு. மலையில் வாங்கியே தீருவேன் என்றால் ஆடி, ஆவணியில் வாங்குங்கள். பழைய இலை கொட்டிப் புது இலை இங்கேயே விரிவதற்குக் கோடைக்கு முன் ஆறேழு மாதம் கிடைக்கும்.

இனி வகைகள். சந்துக்கு முதல் தேர்வு நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா, வாள் பெரணி என்றும் சொல்வார்கள். நர்சரிகளில் இதையும் பாஸ்டன் ஃபெர்னையும் "பாஸ்டன்" என்றே விற்பதால் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கார்டிஃபோலியாவின் இலை நிமிர்ந்து, குறுகலாக, சிற்றிலைகள் நெருக்கி அடுக்கியபடி இருக்கும். பாஸ்டன் என்பது நெஃப்ரோலெபிஸ் எக்ஸல்டேட்டாவின் ஒரு ரகம், இலை வளைந்து தொங்கும். 1894-ல் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன செடிகளுக்கிடையே தனித்துத் தெரிந்த ஒன்றிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். உறுதியாகப் பிரிக்க வேண்டுமென்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். கார்டிஃபோலியாவின் மெல்லிய ஓடுதண்டுகளில் பட்டாணி முதல் கோலிக்குண்டு வரையான அளவில், வெளிர் பழுப்புச் செதில் போர்த்திய உருண்டைகள் தொங்கும். பாஸ்டனில் இவை இருக்காது. வேர் முடிச்சுப் புழு என்று பயந்து இதைப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. நசுக்கிப் பார்த்தால் உள்ளே நீர்தான். புழு முடிச்சு என்றால் வேரே ஒழுங்கற்று வீங்கியிருக்கும், இப்படித் தனி உருண்டையாகத் தொங்காது. இந்த உருண்டைகள் இருப்பதால்தான் இரண்டு நாள் தண்ணீர் மறந்தாலும் இது மீள்கிறது. உங்கள் சந்துக்கு ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் 14 செடி போதும், ஒரு வருடத்தில் மூடிக்கொள்ளும். மூடிய பிறகு தொல்லையும் இதுதான். ஓடுதண்டு எல்லாப் பக்கமும் கிளம்பும். பாத்தி ஓரத்தில் அரை அடி ஆழத்துக்குச் செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து வரம்பு கட்டாவிட்டால் நடைபாதை இடுக்கில் எல்லாம் முளைக்கும்.

அதே பாத்தியில் உயரம் மாற்றிக் காட்ட டெரிஸ் விட்டேட்டா வையுங்கள். இதைப் பணம் கொடுத்து வாங்கத் தேவையே இல்லாமல் போகலாம். பழைய சுண்ணாம்புச் சுவர், கிணற்று உறை, வாய்க்கால் கரை இவற்றில் தானாக வளர்வது. சுண்ணாம்பு இதற்குப் பிடிக்கும் என்பதால் சிமெண்ட் கசியும் புதுச் சுவரடியில் மற்றவை முகம் சுளிக்கும் இடத்தில் இது நிற்கும். மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்க்கும் திறன் இதற்கு உண்டு என்று 2001-ல் கண்டறிந்தார்கள். பழைய தொழிற்சாலை நிலத்திலோ மண் சந்தேகமான இடத்திலோ வளர்ந்த இலைகளைக் காய்கறிப் பாத்திக்கு மக்காகப் போட வேண்டாம்.

போர்டிகோவுக்கு பர்ட்ஸ் நெஸ்ட் எனும் அஸ்ப்ளீனியம் நைடஸ், தொங்கும் கூடைக்கு பாஸ்டன். பர்ட்ஸ் நெஸ்டின் பளபளப்பான தடித்த இலை வறண்ட காற்றைப் பாஸ்டனைவிட நன்றாகத் தாங்கும், உப்பைத் தாங்காது. ஆகவே ஏசி தண்ணீரை இதற்கு ஒதுக்குங்கள். தண்ணீரை ஓரமாக ஊற்ற வேண்டும், நடுக் குழியில் தேங்கினால் குருத்து அழுகும். 8 அங்குலத் தொட்டி இரண்டு வருடத்துக்குப் போதும். இது மரத்தில் ஒட்டி வளரும் செடி, பெரிய தொட்டியில் மண்ணை அடைத்து வைத்தால் வேர் மூச்சு முட்டும். மைக்ரோசோரம் பங்க்டேட்டம் கிடைத்தால் அதையும் சேருங்கள். பர்ட்ஸ் நெஸ்ட் சாயல், அதைவிட முரடு. போர்டிகோவில் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் படும் மூலை இருக்கிறது என்றால் அங்கே உண்மையான பெரணி வேண்டாம், அஸ்பாரகஸ் ஸ்ப்ரெங்கரி போதும். பெயரில்தான் ஃபெர்ன். பூத்து, சிவப்புக் காய் காய்க்கும், மண்ணுக்குள் கிழங்கு வைக்கும். குழந்தைகளும் நாயும் உள்ள வீடு என்றால் அந்தக் காய்களைக் கிள்ளிவிடுங்கள், தின்றால் வயிற்றைக் கெடுக்கும்.

மாமரத்தடியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் நல்ல இடமாகத் தெரிகிறது. அடியில் தோண்டாதீர்கள். மாவின் உறிஞ்சு வேர்கள் மேலாகவே படர்ந்திருக்கும், அவற்றை வெட்டினால் மரத்துக்கும் நஷ்டம், நட்ட பெரணிக்கும் மிஞ்சுவது வறண்ட மண். செடியை மரத்தின்மேல் ஏற்றுங்கள். அதற்கென்றே பிறந்தது டிரைனேரியா குவெர்சிஃபோலியா. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சூப்புக்காக விற்கிறார்களே முடவாட்டுக்கால் கிழங்கு, அது இந்தப் பெரணியின் தண்டுதான். ரோமம் போர்த்திய அந்தத் தண்டு மரத்திலும் பாறையிலும் ஊர்ந்து வளரும். இதற்கு இரண்டு வித இலை. அகலமாக, சருகு நிறத்தில் தண்டை அணைத்தபடி இருப்பது குப்பையையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும் இலை. அது காய்ந்ததல்ல, பிய்க்கக் கூடாது. நீளமாக, வெட்டுப்பட்டு, பச்சையாக நிற்பது உணவு தயாரிக்கும் இலை. கோடையில் பச்சை இலைகளை உதிர்த்துவிட்டு நரம்பு மட்டும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று கழற்றி எறியாமல் மழை வரை விட்டால் துளிர்க்கும். நர்சரியில் வேர்பிடித்த செடியாக வாங்குவதே சரி. சந்தையில் விற்கும் கிழங்கின் வளரும் நுனி வாடாமல் இருந்தால் கட்டிப் பார்க்கலாம், வேர் பிடித்தால் லாபம், உத்தரவாதம் இல்லை. மரத்தின் வடகிழக்குப் பக்கம், கண் மட்டத்தில், ஒரு கைப்பிடி தேங்காய் நாரை அடியில் வைத்து, நார்க்கயிற்றால் கட்டுங்கள். கம்பி வேண்டாம். தண்டு வெளியே தெரிய வேண்டும், மூடினால் அழுகும். முதல் மூன்று மாதம் நாரை ஈரமாக வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஸ்டாக்ஹார்ன் எனும் பிளாட்டிசீரியம் பைஃபர்கேட்டமும் இதே முறைதான், விலை கூடுதல், பராமரிப்பும் கூடுதல். காட்டில் போய்ப் பிடுங்கி வரும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காப்புக்காட்டில் அது சட்டப்படி குற்றம், அதோடு கிழங்குக்காகத் தோண்டுவதாலேயே அந்தப் பெரணி மலைகளில் குறைந்து வருகிறது.

மெய்டன்ஹேர் எனும் அடியாண்டம்தான் எல்லோரும் முதலில் ஆசைப்படுவது. உங்கள் தண்ணீருக்கு அதைச் சந்தில் வைக்கச் சொல்ல மாட்டேன். மழைநீரும் ஏசி தண்ணீரும் மட்டுமே ஊற்றுவேன் என்றால் ஒரே ஒரு தொட்டி, குளியலறை ஜன்னல் ஓரத்தில். தொட்டி ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் மறுநாளே இலை எல்லாம் சுருங்கிவிடும், அந்த இலைகள் மீளாது. மொத்தத்தையும் மண்மட்டத்தில் கத்தரித்து ஈரம் காத்தால் மூன்று நான்கு வாரத்தில் சுருள் குருத்து எழும். நம் சமவெளியிலேயே மழைக்குத் தானாக முளைக்கும் அடியாண்டம் ஃபிலிப்பென்ஸ் என்ற வகை, கோடையில் மறைந்து மழையில் திரும்பும் குணமுள்ளது. அதற்கு அந்த ஓய்வு இயல்பு.

மரப் பெரணி, லெதர் லீஃப், ஜப்பானிய வெள்ளிப் பெரணி மூன்றும் படத்தில் அழகு. ஊட்டி தாவரவியல் பூங்காவின் பெரணிக் கூடத்தில் பார்த்து ரசியுங்கள், தாம்பரத்துக்கு வேண்டாம். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் உப்பு நீரோடு போராடும் நண்பர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு அக்ரோஸ்டிகம் ஆரியம் என்ற சதுப்புநிலப் பெரணி ஒரு வழி. உப்பும் வெயிலும் அதற்குப் பழக்கம். ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டும், குளக்கரை போன்ற ஈரம் கேட்கும், 4 அடிச் சந்துக்குப் பொருந்தாது.

பாத்தி போடும் முறை. காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஒன்றேகால் அடி அகலத்தில், ஓர் அடி ஆழம் தோண்டி, கட்டுமானக் கழிவை முழுக்க வெளியேற்றுங்கள். புது வீடுகளில் சுவரடியில் சிமெண்ட் கட்டியும் சுண்ணாம்பும்தான் பாதி. 22 அடிக்குச் சுமார் 780 லிட்டர் கலவை தேவை. செம்மண் 2 பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) 2 பங்கு, இலை மக்கு 2 பங்கு, நன்கு மக்கிய சாண எரு 1 பங்கு, கொரகொரப்பான மணல் அல்லது பொடிச் செங்கல் ஜல்லி 1 பங்கு. 5 கிலோ கோகோபீட் கட்டி ஊறினால் 65 லிட்டருக்குக் குறையாது, மூன்று கட்டி போதும். மலிவான கோகோபீட்டில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து வடிப்பதை மூன்று முறை செய்யுங்கள், முடிந்தால் மழைநீரில். நர்சரிச் செடியை அப்படியே நடாதீர்கள். வேரைச் சுற்றிச் செம்மண் உருண்டை இறுகியிருந்தால் தண்ணீரில் ஊறவைத்து வெளிப்புறத்தை மட்டும் உதிர்த்துவிட்டு நடுங்கள். இல்லையென்றால் சுற்றிலும் ஈரமாக இருக்க, உள்ளுருண்டை காய்ந்தே கிடக்கும். குருத்து எழும் இடம் மண்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஆழமாக நட்டு மண்ணை அணைப்பது வாழைக்குச் சரி, இதற்கு அழுகலில் முடியும். மேலே இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு, குருத்தை விட்டுத் தள்ளி.

தண்ணீர் காலையில். விரல் முதல் கணு வரை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் ஊற்றுங்கள். கத்திரியில் இரண்டு வேளை தேவைப்படும். வாரம் ஒருமுறை, மழைநீர் இருந்தால் அதைக் கொண்டு, பாத்தி ஊறி வடியும்வரை ஊற்றினால் சேர்ந்த உப்பு கீழே இறங்கும். இலைமேல் ஸ்ப்ரே செய்வதால் ஈரப்பதம் சில நிமிடங்களுக்குத்தான் உயரும், போர் தண்ணீர் என்றால் வெள்ளைப் படிவு மட்டும் மிஞ்சும். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டருக்கு 1 கிராம், மழைக்காலத்திலும் அதன் பிறகும் 20 நாளைக்கு ஒருமுறை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வேண்டாம். யூரியாவை எந்த மாதத்திலும் தூவ வேண்டாம்.

படம் இல்லாமல் உங்கள் பழைய செடிகள் எதனால் போயின என்று அறுதியிட முடியாது. நீங்களே பிரித்துப் பார்க்கலாம். முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பு என்றால் உப்பு. வெயில் பார்க்கும் பக்கம் மட்டும் வெளுத்துக் கருகினால் வெயில். இளம் குருத்தே கறுத்து நசநசத்தால் அழுகல். மண் ஈரமாக இருந்தும் செடி முழுக்க வாடினால் வேர் போய்விட்டது. இலையின் அடியில் வரிசையாக, சம இடைவெளியில் பழுப்புப் பொட்டு இருந்தால் அது பெரணியின் இனப்பெருக்க வித்து (ஸ்போர்), மருந்தடிக்காதீர்கள். ஒழுங்கின்றி நரம்பிலும் காம்பிலும் ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. அதற்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 2 மில்லி, சில துளி சோப்புக் கரைசலோடு, மாலையில். முதலில் ஓர் இலையில் அடித்து மூன்று நாள் பொறுங்கள், பெரணி இலை எண்ணெய்க்குக் கருகக்கூடியது. மழைக்காலத்தில் இலை இரவோடிரவாகக் குறைந்தால் டார்ச் எடுத்துப் போய் நத்தையைத் தேடுங்கள்.

வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்பதற்காகவும் பாஸ்டன் கேட்டிருந்தீர்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் 1989-ல் நாசா அடைத்த பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்த சோதனை. ஜன்னல் திறந்து மூடும் வீட்டில் அந்த அளவு பலனைக் காண வேண்டுமென்றால் அறை முழுக்கச் செடியால் நிரப்ப வேண்டியிருக்கும் என்று 2019-ல் வந்த மறுஆய்வு கணக்குப் போட்டது. அழகுக்காக வாங்குங்கள்.

வாங்கும்போது, ஆன்லைனில் "ஃபெர்ன் விதை" என்று பாக்கெட்டில் வருவதை விட்டுவிடுங்கள். பெரணிக்கு விதை கிடையாது, இருப்பது தூள் போன்ற ஸ்போர் எனும் வித்து, அதை வீட்டில் முளைக்கவைத்துச் செடியாக்க மாதக்கணக்கில் ஆகும். நர்சரியில் பெரிய செடியைத் தேடாமல், நடுவில் நான்கைந்து சுருள் குருத்து எழுந்திருக்கும் சின்னத் தொட்டியைப் பொறுக்குங்கள். கார்டிஃபோலியாவை 14 வாங்கத் தேவையில்லை. நன்கு நிறைந்த 5 தொட்டி வாங்கி, கத்தியால் மூன்று மூன்றாகப் பிரித்தால் கணக்கு வந்துவிடும். இப்போதே நெட்டுக்கு ஆணி அடித்து, ஏசி குழாயை வாளிக்குத் திருப்பி வைத்துவிட்டு, செடியை ஆவணியில் வாங்குங்கள்.